ஸ்கூபி டூவும் எங்கள் ஊர்ப் பேய்களும்



பாடசாலை விடுமுறை வந்தால் பெற்றோர் பலர் எங்களிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "சேர், இந்தப் பேய்க் காட்டூனுகளைப் பிள்ளையள் பார்க்கலாமோ? ராவிலை பயந்து எழும்புதுகள்." பார்க்கலாம் என்பதுதான் எங்கள் பதில். ஆனால் பிள்ளையோடு பெரியவர் ஒருவரும் கூட இருந்து பார்க்கவேண்டும். ஏன் அப்படிச் சொல்கிறோம் என்று விளங்கப்படுத்தக் கொஞ்சம் பழைய கதை பேசவேண்டும். அதில் பாதி அமெரிக்காவில் நடந்தது. மீதி எங்கள் நாட்டில், எங்கள் யாழ்ப்பாணத்தில் நடந்தது.

1960களின் கடைசியில் அமெரிக்காவில் சனிக்கிழமைக் காலைகளில் ஓடிய சிறுவர் காட்டூன்கள் பெரும்பாலும் அடிதடி நிறைந்தவை. பெற்றோர் எதிர்த்தார்கள். 1968இல் தாய்மார் சிலர் இதற்காகவே ஓர் அமைப்பையும் தொடங்கினார்கள். அந்த எதிர்ப்பு வலுத்தபோது, அடிதடி இல்லாத மர்மக் கதை ஒன்று வேண்டுமென்று சிபிஎஸ் தொலைக்காட்சியின் சிறுவர் நிகழ்ச்சிப் பொறுப்பாளர் பிரெட் சில்வர்மன், ஹனா-பார்பெரா நிறுவனத்திடம் கேட்டார். ஜோ ரூபி, கென் ஸ்பியர்ஸ் என்ற இருவரும் கதையை உருவாக்கினார்கள். முதல் படங்களைப் பார்த்த சிபிஎஸ் தலைவர், சிறுவர்களுக்கு இது மிகவும் பயங்கரம் என்று மறுத்துவிட்டார். அதன் பிறகுதான் பின்னால் நின்ற நாயை முன்னுக்குக் கொண்டுவந்து, பகிடியைக் கூட்டினார்கள். 1969 செப்டெம்பர் 13இல் ஸ்கூபி டூ முதன்முதலாக ஒளிபரப்பானது. நாலு இளைஞர், ஒரு பயந்தாங்கொள்ளி நாய். அந்த நாய் இன்று தமிழிலும் பேசுகிறது.

கதை எப்போதும் ஒன்றுதான். ஓர் ஊரில் பேய் நடமாடுகிறது. சனம் பயந்து ஓடுகிறது. இளைஞர்கள் தடயம் தேடுகிறார்கள். கடைசியில் பேயைப் பிடித்து முகமூடியைக் கழற்றினால் உள்ளே இருப்பது ஒரு மனிதன். காணியைப் பிடிக்க, வீட்டை மலிவாக வாங்க, புதையலை எடுக்க, களவை மறைக்கப் பேய்வேசம் போட்டவன். "இந்தப் பயத்தால் யாருக்கு இலாபம்?" என்ற கேள்வியை ஆறு வயதுப் பிள்ளைக்கு இதைவிட இலகுவாகப் படிப்பிக்க முடியாது.

அந்த நாயை வரைந்தவர் இவாவோ தகமோட்டோ. அமெரிக்காவில் பிறந்த ஜப்பானிய வம்சாவளியினர். இரண்டாம் உலகப் போரில், "எதிரியின் இனம்" என்ற ஒரே காரணத்துக்காகக் குடும்பத்தோடு மன்சனார் முகாமில் அடைக்கப்பட்டவர். அந்த முகாமில், கூட இருந்தவர்களிடம்தான் அவர் ஓவியம் பழகினார். 1990 ஒக்ரோபரில் வெறுங்கையோடு வெளியேற்றப்பட்டுப் புத்தளத்து முகாம்களில் பிள்ளை வளர்த்த எங்கள் சமூகத்துக்கும், அதே ஆண்டில் வலிகாமம் வடக்கை விட்டு ஓடிய எங்கள் அயலவருக்கும் இது தூரத்துக் கதையாகத் தெரியாது.

இனி யாழ்ப்பாணத்துக்கு வருவோம். ஸ்கூபி டூ வருவதற்கு முன்பே இந்தத் துப்பறியும் வேலையைச் செய்த ஒருவர் எங்கள் நாட்டில் இருந்தார். அவரும் ஓர் ஆசிரியர். கேரளத்துத் திருவல்லாவில் 1898இல் பிறந்த ஆபிரகாம் கோவூர், 1928இல் யாழ்ப்பாணம் மத்திய கல்லூரிக்குத் தாவரவியல் படிப்பிக்க வந்தார். பிறகு தெற்கில் படிப்பித்து, 1959இல் ஓய்வுபெற்றார். பேய் வீடு, கூரையில் விழும் கல், தானாகப் பற்றும் துணி என்று மக்கள் கொண்டுவந்த முறைப்பாடுகளை நேரில் போய் ஆராய்ந்தார். மோசடிக்கு இடமில்லாத நிலையில் அற்புதம் செய்துகாட்டுபவருக்கு ஓர் இலட்சம் ரூபாய் என்று 1963இல் சவால் விட்டார். 1978இல் அவர் இறக்கும்வரை அந்தப் பணத்தை யாரும் வெல்லவில்லை. அவர் கையாண்ட ஒரு சம்பவத்தை வைத்துத்தான் 1973இல் 'மறு பிறவி' என்ற தமிழ்ப் படம் வந்தது.

கோவூர் கடவுளை மறுத்தவர். அதில் எங்களுக்கு உடன்பாடில்லை. ஜின் என்ற படைப்பு உண்டு என்று நம்புகிறவர்கள் நாங்கள். ஆனால் இரவில் ஓட்டில் விழும் கல்லெல்லாம் ஜின் எறிந்தது என்று எங்கள் மார்க்கம் சொல்லவில்லை. விசாரிக்காமல் செய்தி பரப்பாதே என்றுதான் சொல்கிறது.

கோவூர் கண்டது ஒன்று ஸ்கூபி டூவில் இல்லை. பேய் வீடுகள் பலவற்றில் கல் எறிந்தது வீட்டுக்குள்ளேயே இருந்த ஒருவர். பல வேளைகளில், வாய்விட்டுச் சொல்லமுடியாத கவலையோடு இருந்த ஓர் இளம்பிள்ளை. காட்டூனில் முகமூடியைக் கழற்றியதும் பொலிஸ் கூட்டிப்போய்விடும். கோவூர் அந்தப் பிள்ளையை இருத்திவைத்துப் பேசினார், மனச்சிகிச்சை கொடுத்தார். பேய் போனது.

முகமூடி கழற்றப்படாவிட்டால் என்ன நடக்கும்? 2011 ஓகஸ்ட்டை நினைத்துப் பாருங்கள். கிறீஸ் பூதம். உடம்பெல்லாம் கிறீஸ் பூசிய உருவம் பெண்களைத் தாக்குகிறது என்ற பயம் மலையகத்தில், கிழக்கில், புத்தளத்தில், யாழ்ப்பாணத்தில் பரவியது. பூதம் என்று சந்தேகித்து மனிதர் அடித்துக் கொல்லப்பட்டார்கள். புத்தளத்துக் கலவரத்தில் ஒரு பொலிஸ்காரர் உயிரிழந்தார். ஓகஸ்ட் 22 இரவு நாவாந்துறையில், பூதத்தைத் துரத்திய சனத்துக்கும் படையினருக்கும் முறுகல் ஏற்பட்டது. நூறுக்கும் மேற்பட்டோர் கைதானார்கள். வீடு புகுந்து அடித்தார்கள் என்று மக்கள் நீதிமன்றப் படியேறினார்கள். இவ்வளவுக்கும் பிறகு, உள்ளே இருந்த முகம் யாருடையது என்பது நாட்டுக்கு முன்னால் தெளிவாக்கப்படவில்லை. விடை கிடைக்காத பயம் அப்படியே எங்கள் மனங்களில் தங்கிவிட்டது. அன்று பாலர் வகுப்பில் இருந்த பிள்ளைகள் இன்று வாக்காளர்கள்.

அச்சுவேலியிலிருந்து வசாவிளான் பக்கம் போனால், கூரை இல்லாமல் ஆலமரம் முளைத்த வீடுகளைப் பார்த்திருப்பீர்கள். "அங்கை பேய் இருக்கு" என்று பிள்ளைகள் சொல்வார்கள். 1998இல் வந்த ஸ்கூபி டூவின் 'ஸொம்பி தீவு' படத்தில் உண்மையான பேய்கள் வருகின்றன. சின்னப் பிள்ளைகளுக்கு அது கொஞ்சம் கூடுதல் பயம்தான். ஆனால் அந்த ஸொம்பிகள் கெட்டவர்கள் அல்ல. முன்பு அநியாயமாகக் கொல்லப்பட்டவர்கள், வந்தவர்களை எச்சரிக்கவே எழும்புகிறார்கள். எங்கள் பாழடைந்த வீடுகளும் அப்படித்தான். அங்கே இருப்பது பேய் அல்ல. 1990இல் உலையில் வைத்த சோற்றை இறக்காமல் ஓடிய ஒரு குடும்பத்தின் கதை.

ஆகவே, இந்த விடுமுறையில் பிள்ளையோடு இருந்து பாருங்கள். முகமூடி கழறுவதற்கு முன்னர் படத்தை நிறுத்தி, "ஆராய் இருக்கும்? ஏன் செய்யுது?" என்று கேளுங்கள். பிள்ளை வேறு ஏதும் பயத்தைச் சொன்னால், "சும்மா இரு" என்று அடக்காமல் முழுவதையும் கேளுங்கள். பிறகு ஒரு பின்னேரம் அந்த ஆலமரத்து வீட்டடிக்குக் கூட்டிப்போய், அதில் இருந்தவர்கள் யார், என்ன தொழில் செய்தார்கள், இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று சொல்லிக்கொடுங்கள். பெயர் தெரியாவிட்டால் அயலில் உள்ள மூத்தவர்களைக் கேளுங்கள். தெரிந்தவர்கள் இதன் கீழே எழுதுங்கள். எங்கள் பிள்ளைகளுக்கு நாங்கள் வாசித்துக் காட்டுவோம்.