பாழாகாத தாள்



பேத்தியின் ஸ்கிராப் புக்குக்கு நேற்று பின்னணித் தாள் செய்தோம். துருக்கியில் இக்கலைக்கு எப்ரு என்று பெயர். பிசின் கரைத்த நீரில், மாட்டுப் பித்தநீர் கலந்த சாயத்தைத் தெளிப்பார்கள். அது மூழ்காமல் பரவும். ஊசியால் கோலமிட்டுத் தாளைப் படியவைத்து எடுத்தால், வண்ணம் ஒட்டிக்கொள்ளும்.

ஒன்றைப்போல் இன்னொன்று வராது. அதனால்தான் 1775இல் அமெரிக்கக் காலனிகளின் 20 டாலர் நோட்டு ஒன்றில், கள்ளநோட்டைத் தடுக்க, ஒரு விளிம்பில் இவ்வண்ணத் தாளை வைத்தார்கள். 17ஆம் நூற்றாண்டில் நம் பீஜப்பூர் ஓவியர்களும் இம்முறையில் படங்கள் செய்தார்கள். 2014இல் யுனெஸ்கோ எப்ருவைத் தன் பட்டியலில் சேர்த்தது.

நோட்டில் மையைச் சிந்தி, மடித்துப் பூ வரவைத்த ஒரு மாணவனை, "தாளைப் பாழாக்காதே" என்று ஒருமுறை அதட்டினேன். தம்பி, இதைப் படித்தால் மன்னித்துக்கொள். பாழானது தாள் அல்ல, உன் ஆசை.