சிறிய கைத்துப்பாக்கிகளில் தொடரும் கோளாறுகள்: திரும்பப் பெற உத்தரவிட அமெரிக்காவில் அமைப்பு இல்லை

அமெரிக்காவில் குழந்தைகளின் பொம்மையிலோ வீட்டு மின்சாதனத்திலோ ஆபத்தான குறைபாடு கண்டறியப்பட்டால், அதைத் திரும்பப் பெறுமாறு தயாரிப்பு நிறுவனத்துக்கு உத்தரவிட நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. கைத்துப்பாக்கிகளுக்கு அந்த அதிகாரம் பொருந்தாது. 1972-ஆம் ஆண்டு இயற்றப்பட்ட நுகர்வோர் பொருள் பாதுகாப்புச் சட்டத்தின் வரம்பில் துப்பாக்கிகள் சேர்க்கப்படவில்லை. வேறு எந்த மத்திய அமைப்புக்கும் இந்தப் பொறுப்பு அளிக்கப்படவும் இல்லை.

ஆடைக்குள் மறைத்து எடுத்துச் செல்லப்படும் சிறிய கைத்துப்பாக்கிகளைப் பொறுத்தவரை இது முக்கியமானது. இவை பெரும்பாலும் தோட்டா நிரப்பிய நிலையில், நாள் முழுவதும் உடலோடு ஒட்டியே இருப்பவை. தற்காப்புக்காகப் பொது இடங்களில் கைத்துப்பாக்கி எடுத்துச் செல்வது அரசமைப்புச் சட்ட உரிமை என்று 2022 ஜூன் மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2024-ஆம் ஆண்டு நிலவரப்படி 29 மாநிலங்களில் இதற்குத் தனி அனுமதியும் தேவையில்லை.

உருவம் சிறுத்தால் நேர்வது என்ன?

ஒரு துப்பாக்கியின் நம்பகத்தன்மைக்கு இரு பக்கங்கள் உண்டு. விசையை அழுத்தும்போது அது சுட வேண்டும். அழுத்தாதபோது சுடக் கூடாது. உருவம் சிறுக்கும்போது இவ்விரண்டையும் உறுதிசெய்வது கடினமாகிறது.

தானியங்கிக் கைத்துப்பாக்கியில் ஒவ்வொரு முறை சுடும்போதும் மேற்பகுதியான ஸ்லைடு பின்னோக்கி நகர்ந்து, காலித் தோட்டாவை வெளியேற்றி, முன்னோக்கித் திரும்பும்போது அடுத்த தோட்டாவைக் குழலுக்குள் தள்ளுகிறது. சிறிய துப்பாக்கியில் ஸ்லைடு எடை குறைந்தது. அது நகரும் தூரமும் குறைவு. அதைக் கட்டுப்படுத்த விறைப்பான ஸ்பிரிங் பொருத்தப்படுகிறது. இதனால் மேகசினில் உள்ள அடுத்த தோட்டா மேலெழும்புவதற்குக் கிடைக்கும் நேரம் சுருங்குகிறது. பிடி தளர்ந்தாலோ, தோட்டாவின் முனை வடிவம் சற்று மாறினாலோ, சட்டைப்பையின் பஞ்சும் தூசும் உள்ளே படிந்தாலோ தோட்டா சிக்கிக்கொள்கிறது. உடலின் வியர்வையால் துருப்பிடிப்பதும் உண்டு.

திரும்பப் பெறப்பட்ட துப்பாக்கிகள்

கீழே விழுந்தால் வெடிக்கக்கூடும் என்ற காரணத்தால், ரூகர் நிறுவனம் தனது எல்சிபி ரகத்தின் ஆரம்பகாலத் துப்பாக்கிகளை 2008 அக்டோபரில் திரும்பப் பெற்றது. விசையை அழுத்தாமலேயே, சுத்தியலைக் கீழிறக்கும்போது குண்டு பாயக்கூடும் என்று கூறி, ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் தான் தயாரித்த வால்தர் பிபிகே துப்பாக்கிகளை 2009 பிப்ரவரியில் திரும்பப் பெற்றது.

2013 ஆகஸ்டில் இரு அறிவிப்புகள் வெளியாயின. ஷீல்டு ரகத் துப்பாக்கிகளைச் சோதித்துப் பார்க்குமாறு ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் எச்சரித்தது. ஸ்பிரிங்ஃபீல்டு ஆர்மரி, எக்ஸ்டி-எஸ் ரகத்தைத் திரும்பப் பெற்றது. 2014-இல் அறிமுகமான ரெமிங்டன் ஆர்51 அதே ஆண்டு ஜூலையில் திரும்பப் பெறப்பட்டது. ஷீல்டு இஇசட் ரகத்தின் சுத்தியலில் இருந்த குறைபாடு 2020 நவம்பரில் அறிவிக்கப்பட்டது.

இவை அனைத்தும் நிறுவனங்கள் தாமாக முன்வந்து எடுத்த நடவடிக்கைகள். நிறுவனம் முன்வராவிட்டால், பாதிக்கப்பட்டவருக்கு எஞ்சியிருப்பது நீதிமன்றமே. துப்பாக்கி நிறுவனங்களுக்கு வழக்குகளில் இருந்து பாதுகாப்பளிக்கும் 2005-ஆம் ஆண்டுச் சட்டம், வடிவமைப்பிலும் தயாரிப்பிலும் உள்ள குறைபாடுகளுக்கு எதிரான வழக்குகளை அனுமதிக்கிறது. டாரஸ் நிறுவனத்தின் 9 ரகங்கள் தொடர்பான வழக்கில், சுமார் 10 லட்சம் துப்பாக்கிகளை உள்ளடக்கிய சமரசம் ஏற்பட்டது அவ்வகையில்தான். தனது துப்பாக்கிகளில் குறைபாடு இருந்ததாக அந்நிறுவனம் ஒப்புக்கொள்ளவில்லை.

சில மாநிலங்கள் தனிச் சட்டம் இயற்றியுள்ளன. கலிஃபோர்னியாவில் 2001 முதல், விற்பனைக்கு வரும் கைத்துப்பாக்கி ரகங்கள் சோதனையில் தேற வேண்டும். சோதிக்கப்படும் துப்பாக்கி முதல் 20 தோட்டாக்களைத் தடையின்றிச் சுட வேண்டும். 600 தோட்டாக்களில் கோளாறுகள் 6-ஐத் தாண்டக் கூடாது. சுமார் ஒரு மீட்டர் உயரத்தில் இருந்து கான்கிரீட் பரப்பின் மீது வெவ்வேறு நிலைகளில் விழச்செய்தும் பார்க்கப்படுகிறது.

உறையும் ஆபத்தாகலாம்

குறைபாடற்ற துப்பாக்கியும் தவறான உறையால் விபத்துக்கு வழிவகுக்கலாம். விசையைச் சுற்றிய பகுதியை முழுவதும் மூடுவதே உறையின் முதற்பணி. நாள்பட்ட தோலுறை தளர்ந்து அதன் விளிம்பு உள்ளே மடிந்தால், துப்பாக்கியைச் செருகும்போது அந்த மடிப்பே விசையை அழுத்திவிடும். சட்டையின் ஓரமோ மேலங்கியின் கயிறோ உள்ளே சிக்கினாலும் அதுவே நேரும். உறையின்றிச் சாவிகளோடும் நாணயங்களோடும் பையில் போட்டு வைப்பது அதனினும் ஆபத்தானது. கடினமான பிளாஸ்டிக்கில், அந்தந்த ரகத்துக்கெனவே வார்க்கப்பட்ட உறைகள் வடிவம் மாறுவதில்லை. ஆனால், ஒரு ரகத்தின் உறை மற்றொன்றுக்குப் பொருந்தாது.

இந்தியாவில் நிலை

இந்தியாவில் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் கீழ் உரிமம் பெற்றவர்களே துப்பாக்கி வைத்திருக்கலாம். 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி பொதுவாக ஒருவர் இரு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்க இயலாது. ஆயினும் விபத்துகள் இங்கும் நேர்கின்றன. 2024 அக்டோபர் 1 அன்று மும்பையில் தமது வீட்டில், உரிமம் பெற்ற கைத்துப்பாக்கி எதிர்பாராமல் வெடித்ததில் நடிகர் கோவிந்தா காலில் காயமடைந்தார்.

பொறுப்பு யாருடையது?

திரும்பப் பெறும் அறிவிப்பு வெளியானாலும், அது எல்லா உரிமையாளர்களையும் எட்டுவதில்லை. துப்பாக்கி கைமாறிச் சென்றிருந்தால், இப்போது அதை வைத்திருப்பவர் யார் என்பது நிறுவனத்துக்குத் தெரியாது. எனவே பயன்படுத்திய துப்பாக்கியை வாங்குபவர், அதன் வரிசை எண்ணைத் தயாரிப்பு நிறுவனத்திடம் கொடுத்துச் சரிபார்ப்பது அவசியம். பட்டியலில் அந்த எண் இருந்தால், தோட்டாக்களை அகற்றிவிட்டு, பழுது நீக்கப்படும் வரை அதைப் பயன்படுத்தாமல் இருப்பதே பாதுகாப்பானது. உத்தரவிட அமைப்பு இல்லாத இடத்தில், அந்தச் சோதனை உரிமையாளரின் கடமையாகவே எஞ்சுகிறது.