லயத்து வீட்டில் நான்கு நாட்கள்

லயத்து வீடு என்றால் என்னவென்று உங்களில் பெரியவர்களுக்கு நாங்கள் விளக்கத் தேவையில்லை. அந்த வீட்டுப் புகையில் வளர்ந்தவர்கள்தாம் நம்மில் பலர். ஆனால் பிள்ளைகளுக்கு இன்று விளக்கித்தான் ஆக வேண்டியிருக்கிறது. தோட்டங்கள் துண்டாடப்பட்டன, ரப்பர் இருந்த இடத்தில் செம்பனை வந்தது, குடும்பங்கள் பட்டணத்து வீடுகளுக்கும் அடுக்குமாடிகளுக்கும் குடியேறின. லயங்கள் ஒவ்வொன்றாக இடிக்கப்பட்டன. எஞ்சி நிற்பவை சில. அவற்றிலும் பலவற்றில் ஆளில்லை.

எங்கள் குடும்பம் இரண்டு தலைமுறை வாழ்ந்த தோட்டத்தில் அப்படி ஒரு லயம் பூட்டிக் கிடந்தது. அதையும் இடிக்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டபோது எங்களுக்கு ஓர் ஆசை பிறந்தது. அதில் ஒரே ஓர் அறையை எடுத்து, ஜப்பான்காரன் வருவதற்கு முன் இருந்தபடி அமைத்து, அந்தக் காலத்து மக்கள் எழுந்தது முதல் படுத்தது வரை எப்படி வாழ்ந்தார்களோ அப்படியே சில நாட்கள் வாழ்ந்து பார்த்தால் என்ன? தோட்ட அலுவலகத்தில் கேட்டோம். சிரித்தார்கள், ஆனால் சாவியைக் கொடுத்தார்கள். பள்ளி விடுமுறையில் நான்கு நாட்கள் எங்களுக்குக் கிடைத்தன.

எந்த ஆண்டு என்று ஒன்றை வைத்துக்கொள்ள வேண்டுமல்லவா? 1938 என்று முடிவு செய்தோம். அதற்குக் காரணம் எங்கள் பாட்டி. அவர் 1931இல் தோட்டத்தில் பிறந்தவர். 1938இல் அவருக்கு ஏழு வயது. அதற்கு முந்தியதைச் சொல்ல எங்கள் வீட்டில் ஆளில்லை. தமிழ்நாட்டிலிருந்து தோட்ட வேலைக்கு ஆட்களைச் செலவு கொடுத்து அனுப்புவதை இந்திய அரசாங்கம் நிறுத்தியதும் அதே 1938இல்தான். நாகப்பட்டினத்திலும் ஆவடியிலும் இருந்த முகாம்களின் வழியாகக் கப்பலேறி வந்துகொண்டிருந்த கூட்டம் அத்தோடு நின்றது. இங்கே இருந்தவர்கள் இங்கேயே வேரூன்றத் தொடங்கிய ஆண்டு என்றும் அதைச் சொல்லலாம்.

அறையை அளந்தோம். நீளம் 12 அடி, அகலம் 10 அடி. முன்னால் ஓர் அஞ்சடி. பின்சுவருக்கு அந்தப் பக்கம் இன்னொரு குடும்பத்தின் அறை. முதுகோடு முதுகு ஒட்டிய லயம் என்பதால் பின்பக்கம் சன்னல் கிடையாது. முன்பக்கம் நுழைகிற காற்று அதே வழியாகத்தான் திரும்ப வேண்டும். இந்த ஓர் அறையில் தம் தாய் தகப்பன், நான்கு பிள்ளைகள், ஊரிலிருந்து வந்து சேர்ந்த ஒரு சித்தப்பா ஆக ஏழு பேர் இருந்ததாகப் பாட்டி சொன்னார். எங்களில் பெரியவர்கள் நால்வர், பிள்ளைகள் மூவர். கணக்குச் சரியாக இருந்தது.

சாமான் சேர்ப்பதில்தான் எங்கள் அறியாமை வெளிப்பட்டது. பழைய சாமான் கடைகளில் தேடி, எவர்சில்வர் தட்டுகளும் தம்ளர்களும் பெருமையாக வாங்கி வந்தோம். பாட்டி ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, “இது யார் வீட்டுச் சீதனம்?” என்று கேட்டார். அந்தக் காலத்தில் அவர்கள் வீட்டில் எவர்சில்வரே கிடையாதாம். மண்சட்டி, ஈயச்சட்டி, மங்கு, ஊரிலிருந்து கொண்டுவந்த ஒரு பித்தளைச் செம்பு, அவ்வளவுதான். தண்ணீருக்குக் குடமும் அரிதாம். நான்கு கேலன் மண்ணெண்ணெய்த் தகரத்தை வாய் வெட்டி, குறுக்கே ஒரு கட்டை அடித்தால் அதுவே வாளி. அரிசி அளக்கப் பால் டின். உட்காரவும் படுக்கவும் சாக்கு. பிளாஸ்டிக் என்று எதுவும் இருக்கக்கூடாது என்று வீட்டைச் சல்லடை போட்டுச் சலித்தோம். கொடியாகக் கட்டியிருந்த நைலான் கயிற்றைப் பாட்டிதான் கண்டுபிடித்தார்.

முதல் நாள் அடுப்பு மூட்டியதைச் சொல்லத்தான் வேண்டும். காய்ந்த ரப்பர் விறகு கிடைக்கவில்லை. கிடைத்தது பாதி ஈரம். அறை முழுவதும் புகை. ஊதாங்குழலை வைத்து ஊதியதில் எங்கள் மருமகளுக்குத் தலை சுற்றிவிட்டது. சோறு வெந்து முடிய ஒன்றே கால் மணி நேரம் ஆயிற்று. அந்தக் காலத்தில் தோட்ட மக்கள் பெரும்பாலும் உண்டது பர்மாவிலிருந்து வந்த ரங்கூன் அரிசி. 1942இல் பர்மாவும் ஜப்பானியர் கைக்குப் போய் அந்த வரத்து அற்றுப்போனதும், மரவள்ளிக்கிழங்கே சோறாக மாறிய கதையை நாம் எல்லோரும் நம் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டிருக்கிறோம். எங்களுக்கு ரங்கூன் அரிசிக்கு எங்கே போவது? கடையில் கிடைத்த புழுங்கல் அரிசியை வைத்துச் சமாளித்தோம்.

அடுத்தது அம்மி. மிளகாயும் மல்லியும் மஞ்சளும் வைத்து ஏழு பேருக்குக் குழம்புக்கு அரைக்க 35 நிமிடம் பிடித்தது. அதுவும் பாட்டி, “போதும், விடுங்கள்” என்று இரக்கப்பட்டு விட்டதால். அரைத்த கையோடு கண்ணைத் துடைத்துக்கொண்ட எங்கள் சின்ன மகள் குழாயடிக்கு ஓடியதைப் பார்த்து எல்லோரும் சிரித்தோம். இரவு நெடுநேரம் கை எரிந்தபோது சிரிப்பு வரவில்லை. ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறோம்: அந்தக் கருவாட்டுக் குழம்பின் ருசியை அதற்குப் பின் எங்கள் மின்சார அரைவை இயந்திரத்தில் கொண்டுவர முடியவில்லை.

மறுநாள் விடியற்காலை மூன்றே முக்காலுக்குப் பாட்டி எங்களை எழுப்பினார். ஐந்து மணிக்குப் பெரட்டு. அதற்குள் அடுப்பு மூட்டி, வரக்கோப்பி போட்டு, பழைய சோற்றைப் பங்கிட்டு, பகலுக்கும் ஏதாவது கட்டிக்கொண்டு, பிள்ளைகளையும் கிளப்ப வேண்டும். இவ்வளவு முன்னதாக ஏன் என்று பிள்ளைகள் கேட்டார்கள். மரம் குளிர்ச்சியாக இருக்கும்போதுதான் பால் நன்றாக ஓடும். வெயில் ஏற ஏற ஓட்டம் குறையும். ஆகவே மரத்தின் நேரத்துக்கு மனிதர்கள் எழுந்தார்கள்.

சிமினி விளக்கை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, தூங்குகிற நான்கு வயதுப் பேத்தியைத் தோளில் போட்டுக்கொண்டு, ஆயாக் கொட்டகை இருந்த இடம் வரை இருட்டில் நடந்தோம். இப்போது அங்கே புல் மண்டிக் கிடக்கிறது. குழந்தையின் கனமும் விளக்கின் சூடும் ஒருபுறம். கீழே பாதை தெரியாதது மறுபுறம். பாட்டி எங்களோடு வரவில்லை. திரும்பி வந்ததும், “பிள்ளை அழுததா?” என்று மட்டும் கேட்டார். அழவில்லை என்றோம். “நான் தினமும் அழுவேன்” என்றார்.

காலை ஆறு மணி முதல் நண்பகல் வரையுள்ள நேரத்தை எங்களால் மீட்டெடுக்க முடியவில்லை. வெட்ட ரப்பர் மரமே இல்லையே! சுற்றிலும் செம்பனைதான். அந்த நேரத்தில் நாங்கள் சும்மா உட்கார்ந்திருந்தோம். அப்போதுதான் ஒன்று எங்களுக்கு உறைத்தது. அந்தக் காலத்துத் தொழிலாளியின் நாளில் எழுத்தில் பதிவான பகுதி, நாங்கள் விட்டுவிட்ட இந்தப் பகுதிதான். கிராணியின் செக்ரோல் புத்தகத்தில் யார் வந்தார், யார் வரவில்லை, என்ன வேலை, எத்தனை நாள் என்று எல்லாம் இருந்தன. கூலியும் அரசாங்கப் பதிவுகளில் இருக்கிறது. 1920களின் இறுதியில் முக்கியமான மாவட்டங்களில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்று வரையறுத்தார்கள். பின்னர் உலகப் பொருளாதார மந்தம் வந்து ரப்பர் விலை விழுந்ததும் அதையும் குறைத்தார்கள். இலட்சத்துக்கும் மேற்பட்டவர்களைக் கப்பலேற்றித் திருப்பி அனுப்பினார்கள். இவை எல்லாவற்றுக்கும் ஏடுகள் உண்டு. விடியற்காலை நாலு மணி அடுப்புக்கும் பிற்பகல் அம்மிக்கும் எந்தச் செக்ரோலும் கிடையாது.

ஆகவே நாங்களே ஒரு நோட்டுப் புத்தகம் போட்டோம். ஒவ்வொரு வேலைக்கும் கடிகாரத்தைப் பார்த்து எழுதினோம். தண்ணீர்த் தகரத்தோடு குழாயடிக்கு நடந்தது ஒரு நாளைக்கு 11 தடவை. ஒரு தகரம் நிரம்பினால் ஏறக்குறைய 18 கிலோ. விறகு பொறுக்கியது, அரைத்தது, சமைத்தது, சட்டி தேய்த்தது, பால் கறை பிடித்த துணிக்குப் பதிலாகச் சேறு பூசிய துணியைத் துவைத்தது என்று மூன்றாம் நாள் கூட்டிப் பார்த்தோம். வீட்டு வேலை மட்டும் 7 மணி 20 நிமிடம் வந்தது. அதையும் எங்கள் வீட்டுப் பெண்கள் இருவர் பங்கிட்டுச் செய்தார்கள். பாட்டியின் தாயார் தனியாகச் செய்தவர். அதோடு ஆறேழு மணி நேரம் பால் வெட்டியும் வந்தவர்.

ஆண்கள் என்ன செய்தார்கள் என்று நீங்கள் கேட்கலாம். முதல் நாள் நாங்களும் தண்ணீர் தூக்கினோம். பாட்டி அதை அனுமதிக்கவில்லை. “எங்கப்பா தூக்கினதில்லை. உள்ளபடி செய்யணும்னா நீங்க அஞ்சடியில உட்காருங்க” என்றார். உட்கார்ந்தோம். மிகவும் சங்கடமாக இருந்தது.

நோட்டுப் புத்தகத்தை அன்று இரவு பாட்டிக்கு வாசித்துக் காட்டினோம். எல்லாவற்றையும் சரி என்றவர், “எங்கம்மா சாப்பிட்ட நேரத்தை எங்கே எழுதியிருக்கீங்க?” என்று கேட்டார். பார்த்தால், பெரியவர், பிள்ளைகள் என்று மற்ற எல்லோருடைய சாப்பாட்டு நேரமும் இருந்தது. சமைத்தவர்களின் நேரத்தை மட்டும் எழுதவில்லை. “நீங்களே சொல்லுங்கள் பாட்டி, எப்போது சாப்பிடுவார்?” என்று கேட்டோம். வெகுநேரம் யோசித்தார். “பார்த்த ஞாபகம் இல்லையேம்மா” என்றார்.

எங்களால் உள்ளபடி செய்ய முடியாதவை இன்னும் உண்டு. கொசுவலை இல்லாமல் படுக்க எங்களுக்குத் துணிவு வரவில்லை, கட்டிக்கொண்டோம். கிள்ளானில் 1901இல் டாக்டர் மால்கம் வாட்சன் சதுப்பு நிலங்களை வடித்து மலேரியாவை மட்டுப்படுத்திக் காட்டினார். ஆனால் அதற்குப் பின்னும் பல்லாண்டுகள் தோட்டங்களில் காய்ச்சலும் கொய்னா மருந்தும் அன்றாட விஷயங்களாக இருந்தன. அந்தக் காய்ச்சல் பயத்தை நாங்கள் எப்படி நடிப்பது? சில தோட்டங்களில் சாதி பார்த்து லயம் பிரித்திருந்தார்கள். அதையும் பாட்டி சொன்னார். எந்தப் பக்கத்து வீட்டுக்குப் போகக்கூடாது என்று தமக்குச் சொல்லப்பட்டதையும் சொன்னார். அதைச் செய்து பார்க்க எங்களில் யாருக்கும் விருப்பமில்லை.

துரையின் பயமும் அப்படித்தான். கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் 1941இல் நடந்த வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளில், துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும் என்பது ஒன்று. கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பது மற்றொன்று. இரண்டாவது கோரிக்கை எந்த அறைகளின் கதவுக்குள்ளிருந்து வந்திருக்கும் என்பது, மூன்று இரவுகள் அந்தப் பத்தடி அறையில் படுத்த எங்களுக்கு ஓரளவு விளங்கியது. சுவருக்கு அப்பால் ஒருவர் இருமினாலும் கேட்கும். சம்பள நாள் இரவில் கேட்டவற்றைப் பாட்டி சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

எல்லாம் துன்பமாகவே இருந்தது என்று நினைத்துவிடாதீர்கள். மாலையில் அஞ்சடியில் சாக்கு விரித்து உட்கார்ந்தபோது, தொலைக்காட்சி இல்லாமல் பிள்ளைகள் என்ன செய்வார்களோ என்று கவலைப்பட்டோம். பாட்டி புளியங்கொட்டையைத் தேய்த்துத் தாயம் சொல்லிக் கொடுத்தார். விளக்கில் எண்ணெய் தீரும்வரை ஆட்டம் நிற்கவில்லை. அவர் ஆட்டத்தில் ஏமாற்றுகிறார் என்று பேத்தி புகார் செய்தாள். அது உண்மைதான்.

நான்காம் நாள் பிற்பகல் அறையைப் பெருக்கிச் சாவியைத் திருப்பிக் கொடுத்தோம். இரண்டு மாதத்துக்குப் பின் அந்த லயம் இடிக்கப்பட்டது. மங்குகளையும் தகரத்தையும் நோட்டுப் புத்தகத்தையும் ஒரு பெட்டியில் வைத்திருக்கிறோம். அம்மியைத் தூக்க மூன்று பேர் வேண்டியிருந்தது. இப்போது அது எங்கள் வீட்டுப் பின்கட்டில், துணி துவைக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் கிடக்கிறது. சமையலறைக்குள் வைக்கலாமே என்று கேட்டோம். பாட்டி வேண்டாம் என்றுவிட்டார். அம்மாவின் அம்மி வெளியில்தான் இருந்ததாம். மழை பெய்தால் அதுவாகவே கழுவிக்கொள்ளுமாம்.