பொருளியல் நூல்களைச் சேர்த்தவர்கள்

ஆடம் ஸ்மித்தின் ‘நாடுகளின் செல்வம்’ 1776 மார்ச் 9 அன்று லண்டனில் இரண்டு பெரிய தொகுதிகளாக வெளிவந்தபோது அதன் விலை ஒரு பவுண்டு பதினாறு ஷில்லிங். அந்த விலைக்குக் கிடைத்தது தோல் போர்த்திய நூலன்று, தற்காலிக அட்டைக்குள் தைத்த தாள்களே. நூலை வாங்கியவர் தம் வசதிக்கேற்பப் பைண்டரிடம் கொடுத்துக் கன்றுத்தோலோ, மொராக்கோ எனப்படும் பதனிட்ட ஆட்டுத்தோலோ போர்த்திக்கொள்வதே அக்கால வழக்கம் ஆதலால், அந்நூற்றாண்டுப் படிகளின் தோல் பதிப்பாளரைவிட அவற்றை வைத்திருந்தவரைப் பற்றியே கூடுதலாகச் சொல்கிறது.

ஆசிரியர் தம் கைப்பட எழுதி வழங்கும் அன்பளிப்புப் படியும் இத்தகைய சான்றே. கார்ல் மார்க்ஸ் 1873 ஜூனில் ‘மூலதனம்’ நூலின் இரண்டாம் ஜெர்மன் பதிப்பைத் தம் மதிப்பைத் தெரிவிக்கும் குறிப்புடன் சார்லஸ் டார்வினுக்கு அனுப்பினார். மடிப்புகள் வெட்டப்படாமலே நூல்கள் விற்பனைக்கு வந்த காலம் அது; படிப்பவர் கத்தியால் தாள்களைப் பிரித்துக்கொண்டே போக வேண்டும். 822 பக்கங்கள் கொண்ட அப்படியில் முதல் 105 பக்கங்களே பிரிக்கப்பட்டிருக்கின்றன என்பதால், கையொப்பம் மார்க்ஸின் விருப்பத்தையும், பிரியாத மடிப்புகள் டார்வினின் வாசிப்பு எங்கே நின்றது என்பதையும் ஒருசேரக் காட்டுகின்றன.

இத்துறையில் நூல் சேர்ப்பதை ஆராய்ச்சியாகவே ஆக்கியவர் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த பொருளியலாளர் ஹெர்பர்ட் சோமர்ட்டன் ஃபாக்ஸ்வெல் (1849–1936). நண்பரும் பொருளியலாளருமான ஜெவன்ஸின் தூண்டுதலால் 1875இல் லண்டன் கிரேட் போர்ட்லண்ட் தெருப் பழம்புத்தகக் கடையொன்றில் ரயில்வேப் பொருளாதாரம் பற்றிய லார்ட்னரின் நூலை ஆறு பென்ஸுக்கு வாங்கியதிலிருந்து தொடங்கிய அவரது வேட்டை, கடன்பட்டபோதும் நிற்கவில்லை. ஆங்கிலப் பொருளியலை ரிக்கார்டோ தவறான வழிக்குத் திருப்பிவிட்டார் என்று உறுதியாக நம்பிய அவருக்கு, மறக்கப்பட்ட துண்டு வெளியீடுகளும் சிறு நூல்களும் அவ்வாதத்துக்கான ஆதாரங்களாகவே இருந்தன; அழகுப் பொருள்களாக அவற்றை அவர் தேடவில்லை. அதனாலேயே பிற சேகரிப்பாளர்கள் ஒதுக்கியவையும் பிழைத்தன. ஏறத்தாழ 30,000 நூல்கள் கொண்ட அவரது முதல் தொகுப்பை, லண்டன் பொற்கொல்லர்களின் பழைய சங்கமான கோல்ட்ஸ்மித்ஸ் கம்பெனி 1901இல் 10,000 பவுண்டுக்கு வாங்கி 1903இல் லண்டன் பல்கலைக்கழகத்துக்கு வழங்கியது. விற்ற பின்னும் ஃபாக்ஸ்வெல் ஓயாமல் சேர்த்த இரண்டாம் தொகுப்பு, அவர் மறைவுக்குப் பின் ஹார்வர்டு வணிகப் பள்ளியை அடைந்து, கிரெஸ் நூலகத்துக்கு அடித்தளமாயிற்று.

ஃபாக்ஸ்வெல் 1899இல் நீண்ட முன்னுரை எழுதி ஆங்கிலத்தில் வெளிவரச் செய்த நூலின் ஆசிரியர் ஆன்டன் மெங்கர். அவருடைய அண்ணன், வியன்னாவின் பொருளியலாளர் கார்ல் மெங்கர், 1921இல் மறைந்தபின், ஏறத்தாழ 20,000 தொகுதிகள் கொண்ட அவரது நூலகம் இன்று ஹிட்டோட்சுபாஷி எனப்படும் ஜப்பானியப் பல்கலைக்கழகத்துக்குச் சென்றது. ஸ்மித்தின் சொந்த நூல்களில் ஏறத்தாழ 300 தொகுதிகளை ஜப்பானிய அறிஞர் நிட்டோபே இனாஸோ 1920இல் லண்டனில் வாங்கி டோக்கியோ பல்கலைக்கழகத்துக்கு அளித்தார். 1923 நிலநடுக்கத் தீயில் அங்கே மைய நூலகம் அழிந்தபோதும் இவை தப்பின. பெயர் மட்டும் அச்சிட்ட சிறு உடைமைச் சீட்டு இவற்றை ஸ்மித்துடையவை என அடையாளம் காட்டுகிறது.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவின் ஈஸ்டன் பிரஸ் போன்ற பதிப்பகங்கள் தோல் போர்த்தி, ஓரங்களில் பொன்பூச்சிட்டு, ஆசிரியரின் கையொப்பத்துடன் நூல்களை விற்றன. உழைப்பிலும் பொருளிலும் இவை நேர்த்தியானவையே. எனினும் தோலும் கையொப்பமும் வாசகரைச் சேருமுன்பே தொழிற்கூடத்தில் நிறைவடைந்துவிடுவதால், ஒரு நூல் யாரிடமிருந்து யாரிடம் போனது என்ற வரலாறு இவற்றில் இனிமேல்தான் தொடங்க வேண்டும். பழைய படிகளில் அவ்வரலாறு ஏற்கெனவே உண்டு; ஆனால் நகலில் அது விடுபடக்கூடும். 1970களில் ஃபாக்ஸ்வெல்லின் இரு தொகுப்புகளும் ஒரே நுண்படச் சுருள் வரிசையாக இணைக்கப்பட்டபோது, இரு நூலகங்களிலும் இருந்த நூலுக்கு ஒரு படியைப் படமெடுத்தாலே போதும் எனக் கொள்ளப்பட்டது. மற்றப் படியின் ஓரக்குறிப்பையும் உடைமைக் குறியையும் காண விரும்புவோர் இன்றும் அந்தப் படியையே கையிலெடுக்க வேண்டியிருக்கிறது.