குற்றால மலைக்காடு: நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம்



ஆனி மாதத்தில் தென்மேற்குப் பருவக்காற்று ஆரியங்காவுக் கணவாய் வழியே புகுந்து சாரலைத் தூவத் தொடங்கிவிட்டால், நம் தென்காசிச் சீமையின் வீடுகளில் குற்றாலப் பேச்சு எழுந்துவிடும். விடுமுறைக்கு ஊர் வந்த பிள்ளைகள், பேரக்குழந்தைகள், மூட்டுவலியோடு வீட்டில் இருக்கும் பெரியவர்கள் என எல்லோரையும் வேனில் ஏற்றிக்கொண்டு, சமைத்த சட்டியோடு புறப்படுவோம். அருவியில் நனைந்து, மரநிழலில் உண்டு, தொழுது, மாலையில் திரும்புவோம். இறைவன் ஆகுமாக்கிய இன்பங்களுள் இதுவும் ஒன்று. ஆயினும் நாம் ஒருநாள் சென்று திரும்பும் அம்மலைக்காட்டிற்கு நீண்ட வரலாறு உண்டு; அதில் நம் முன்னோரின் பங்கும் உண்டு. அதை அறிந்து செல்பவரின் காலடி அங்கே சற்று மென்மையாகவே படியும்.

மலை தரும் நீர்

மேற்குத்தொடர்ச்சி மலை செங்கோட்டைக்கு அருகே தாழ்ந்து ஒரு கணவாயாகிறது. அதற்குத் தெற்கே அகத்தியமலைத் தொடர். வடக்கே பெரியாற்று மலைகள். மேற்கே மழையைக் கொட்டும் காற்று இந்த இடைவெளி வழியே கிழக்கே வருவதனால்தான், மழைமறைவுப் பகுதியாக இருந்தும் தென்காசிக்குச் சாரல் கிடைக்கிறது. திரிகூடமலையின் காட்டில் பிறக்கும் சிற்றாறு, தேனருவியாகவும் செண்பகாதேவி அருவியாகவும் இறங்கி, பொங்குமாங்கடலில் விழுந்து எழுந்து பேரருவியாகக் கொட்டுகிறது. பின் தென்காசியைக் கடந்து, வழியெங்கும் அணைக்கட்டுகளாலும் கால்வாய்களாலும் குளங்களை நிரப்பி, சீவலப்பேரி அருகே தாமிரபரணியில் கலக்கிறது.

அருவியைக் காண்போர் பலர். அருவிக்கு மேலுள்ள காட்டை நினைப்போர் சிலரே. மழைநீரை இலைச் சருகிலும் வேரிலும் தாங்கி, மெல்ல மெல்லக் கசியவிடுவது அக்காடுதான். மழை நின்ற பின்னும் பல நாட்கள் அருவியில் நீர் விழுவது அதனால்தான். காடு அழிந்தால் மழை பெய்த அன்று வெள்ளமும், மறுவாரம் வெறும் பாறையுமே மிஞ்சும்.

தென்காசியில் பிறந்த ஞானி

இம்மலையோடு நம் சமுதாயத்தைப் பிணைக்கும் முதற்பெயர் பீர் முகம்மது அப்பா (ரஹ்) அவர்களுடையது. தக்கலையில் அடங்கியிருக்கும் அப்பா அவர்கள் பிறந்த ஊர் தென்காசி என்றும், நெசவே அவர்கள் தொழில் என்றும் மரபு கூறுகிறது. மக்கள் நடமாட்டத்தை விட்டு மலைக்காடுகளில் நெடுங்காலம் தனித்திருந்து இறைத்தியானத்தில் ஈடுபட்டார்கள் என்பதும் அம்மரபே. மலைக்கு அப்பால் இடுக்கி மாவட்டத்திலுள்ள பீர்மேடு என்னும் ஊரின் பெயர் அவர்களாலேயே வந்தது என்று மக்கள் சொல்லி வருகின்றனர்.

ஞானப்புகழ்ச்சி, ஞானமணிமாலை, ஞானக்குறம், ஞானரத்தினக் குறவஞ்சி முதலிய நூல்களை அவர்கள் தமிழுக்கு அளித்தார்கள். குறமும் குறவஞ்சியும் மலையின் இலக்கியங்கள். மலையில் வாழும் குறத்தி தன் நாட்டு வளத்தைப் பாடுவது அவற்றின் மரபு. தென்காசிக்கு அருகிலுள்ள மேலகரத்தைச் சேர்ந்த திரிகூடராசப்பக் கவிராயர் 18ஆம் நூற்றாண்டில் இயற்றிய குற்றாலக் குறவஞ்சியை அறியாத தமிழர் இல்லை. மலைமக்களின் அதே வடிவத்தை மெய்ஞ்ஞானம் உரைக்கும் கருவியாக்கிய ஒரு முஸ்லிம் கவிஞரும் இதே மண்ணில் பிறந்தார் என்பதை நம் பிள்ளைகள் அறிய வேண்டும். அப்பா அவர்கள் பிறந்த தென்காசிக்கு அடுத்த செங்கோட்டையும், அவர்கள் அடங்கிய தக்கலையும் திருவிதாங்கூரின் ஆட்சியில் இருந்தவை. 1956 நவம்பர் 1 அன்று ஒரே நாளில் இரண்டும் தமிழ்நாட்டோடு இணைந்தன.

கணவாய் நம் முன்னோருக்கு வாணிகப் பாதையாகவும் இருந்தது. மிளகும் துணியும் நெல்லும் பொதிமாடுகளில் இவ்வழியே சென்றன. கொல்லம், பத்தனம்திட்டா பகுதிகளில் வாழும் இராவுத்தர் குடும்பங்கள் பல, தம் மூதாதையர் பாண்டி நாட்டிலிருந்து மலை கடந்து வந்தவர்கள் என்று இன்றும் சொல்வதுண்டு. 1904இல் செங்கோட்டை – புனலூர் இருப்புப்பாதை திறக்கப்பட்ட பின் பொதிமாட்டு வழிகள் மெல்ல மறைந்தன.

கிராம்பின் நெடும்பயணம்

குற்றாலத்தில் சீசன் காலத்தில் மங்குஸ்தானும் துரியானும் ரம்புட்டானும் விற்கக் காண்கிறோம். இவை இம்மலையின் பூர்வீகக் கனிகள் அல்ல, மலாய்த் தீவுலகுக்குரியவை. அயல்நிலத்து மரங்கள் இங்கே வேரூன்றிய கதை கிராம்பிலும் சாதிக்காயிலும் தொடங்குகிறது.

கிராம்பின் தாயகம் மொலுக்காஸ் தீவுகள். தெர்னாத்தே, திடோரே என்னும் இரு முஸ்லிம் சுல்தானகங்கள் அங்கே ஆண்டன. சாதிக்காயின் தாயகமோ அவற்றுக்குத் தெற்கேயுள்ள பண்டா தீவுகள். அத்தீவுகளின் சரக்கு அரபு, குஜராத்தி, மலாய் வணிகர்கள் கைமாறி உலகெங்கும் சென்றது. வாணிகம் முழுவதையும் தன் கைக்குள் கொண்டுவர முனைந்த டச்சுக் கம்பெனி, 1621இல் பண்டா தீவுகளின் மக்களைக் கொன்றும் அடிமைப்படுத்தியும் நாடுகடத்தியும் அத்தீவுகளை ஏறத்தாழ வெறுமையாக்கியது. பிற்காலத்தில், தன் ஆதிக்கத்துக்கு வெளியே நின்ற கிராம்பு மரங்களையும் வெட்டிச் சாய்த்தது. ஒரு மரத்தின் மீது கொண்ட பேராசை ஒரு மக்கட்கூட்டத்தையே அழித்த கொடுமை அது.

1796இல் ஆங்கிலேயர் மொலுக்காஸைக் கைப்பற்றியபோது, கிராம்பு, சாதிக்காய்க் கன்றுகளைத் தம் ஆட்சிக்குட்பட்ட நிலங்களுக்கு அனுப்பினர். பினாங்கோடு குற்றாலமும் அக்கன்றுகளைப் பெற்றது. சாரலும் நிழலும் நிறைந்த இம்மலைச்சரிவில் கிழக்கிந்தியக் கம்பெனி நறுமணப் பயிர்த் தோட்டம் அமைத்தது. தீவுகளின் வாணிகத்துக்கு ஈடாகக் குற்றாலம் வளரவில்லை. மரங்கள் மட்டும் தங்கிவிட்டன. நம் வீட்டுப் பிரியாணியில் விழும் கிராம்புக்குப் பின்னால் இத்தனை கடலும் கண்ணீரும் உள்ளன.

கம்பெனியின் மருத்துவராக வந்த இராபர்ட் வைட் இம்மலையை வேறு கண்ணால் கண்டார். தாவரவியலாளரான அவர் 1830களில் குற்றாலக் காட்டில் ஏராளமான செடிகளைச் சேகரித்தார். 1838 முதல் 1853 வரை அவர் வெளியிட்ட ஆறு தொகுதிகளில் 2,000க்கும் மேற்பட்ட தாவரப் படங்கள் உள்ளன. அவருக்காக ஓவியம் தீட்டியவர்கள் ரங்கையா, கோவிந்து என்னும் நம் நாட்டுக் கலைஞர்கள். உலகத் தாவரவியலாளர் பலருக்குக் குற்றாலம் என்னும் பெயர் அருவியால் தெரியவந்ததன்று. இங்கே முதன்முதலாக விவரிக்கப்பட்ட செடிகளால் தெரியவந்தது. பின்னர் 1882ஆம் ஆண்டின் சென்னை வனச்சட்டம் மலைக்காடுகளை அரசின் ஒதுக்கக் காடுகளாக்கியது. கோடரிக்கு ஓரளவு கட்டுப்பாடு வந்தது. காட்டையே நம்பி வாழ்ந்த மக்களின் உரிமைகளும் சுருங்கின.

அடிவாரத்து ஊர்கள்

மலையடிவாரத்தில் செங்கோட்டை, வடகரை, கடையநல்லூர், புளியங்குடி, பொட்டல்புதூர் என நம் மக்கள் வாழும் ஊர்கள் வரிசையாக உள்ளன. வடகரைக்கு மேற்கே மேக்கரையில் அடவிநயினார் அணை. கடையநல்லூருக்கு மேற்கே கருப்பாநதி அணை. குடிநீரும் நெல்லும் தென்னையும் மலையின் கொடை. கடையநல்லூரின் தறிகள் நலிந்தபோது நெசவாளர் பலர் கடல் கடந்து சிங்கப்பூர் சென்றனர். அங்கே சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக் 1946இல் உமறுப்புலவர் தமிழ்ப்பள்ளியை நிறுவியது. பிழைப்புத் தேடிச் சென்ற இடத்திலும் தமிழை விடாத அம்மக்களின் பேரப்பிள்ளைகள் இன்று விடுமுறையில் வந்து, குற்றாலத்துக் கடையில் மங்குஸ்தானைக் கண்டு, தங்கள் ஊர்ப் பழம் என்று வியக்கிறார்கள்.

நம் பொறுப்பு

மதீனாவைச் சுற்றி எல்லை வகுத்து, அதற்குள் மரம் வெட்டுவதையும் வேட்டையாடுவதையும் தடுத்தவர்கள் நம் நபி (ஸல்) அவர்கள். நீர்த்துறையிலும் மக்கள் தங்கும் நிழலிலும் அசுத்தம் செய்வது சாபத்துக்குரியது என எச்சரித்தார்கள். உளூச் செய்துகொண்டிருந்த ஸஅத் (ரலி) அவர்களிடம், ஓடும் ஆற்றங்கரையில் இருந்தாலும் நீரை விரயம் செய்யலாகாது என்று உணர்த்திய அறிவிப்பும் உண்டு. இவற்றை ஜும்ஆ பயானில் கேட்டுத் தலையசைக்கும் நாம், அருவிக்கரையில் என்ன செய்கிறோம்? எலும்பும் பிளாஸ்டிக் தட்டும் தண்ணீர்ப் புட்டியும் பாறையிடுக்கில் கிடக்கின்றன. அருவிகளில் எண்ணெய், சோப்பு, ஷாம்பு பயன்படுத்தலாகாது என்று உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தடைவிதிக்க வேண்டிய நிலை வந்தது. ஈமானின் பகுதி தூய்மை என்று பிள்ளைக்குக் கற்பிக்கும் வீட்டார், நீதிமன்றம் சொல்லும் வரை காத்திருக்கலாமா?

மலையின் அழகோடு அதன் வலிமையையும் மதிக்க வேண்டும். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரெனப் பெருகிய வெள்ளம் 17 வயது மாணவர் ஒருவரின் உயிரைக் கொண்டுபோயிற்று. அருவிக்கரையில் வானம் தெளிவாக இருக்கும்போதே மலையுச்சியில் பெருமழை பெய்துகொண்டிருக்கலாம். காவலர் தடுத்தால் திரும்புங்கள். நீர் நிறம் மாறிக் கலங்கினாலோ, சருகும் குச்சியும் அடித்து வந்தாலோ அக்கணமே கரையேறுங்கள். உயிரும் இறைவன் தந்த அமானிதமே.

இந்த ஆண்டு குற்றாலம் செல்லும்போது ஒரு சாக்குப்பை எடுத்துச் செல்வோம். நம் குப்பையோடு அருகில் கிடப்பதையும் சேர்த்துக் கொண்டுவருவோம். சாதிக்காய் மரம் கண்டால் பண்டாவின் கதையையும், மலைமுகட்டில் மேகம் தவழக் கண்டால் பீர் முகம்மது அப்பாவின் கதையையும் பிள்ளைகளுக்குச் சொல்வோம். தறியில் அமர்ந்திருந்த ஒரு தென்காசிக்காரர் இறைவனை நினைத்துத் தனித்திருக்க இத்தகைய காடு ஒன்று அன்று இருந்தது. நம் பேரன்மாருக்கும் அது இருக்க வேண்டும்.

அல்லாஹ் நம் அனைவரையும் அவன் படைப்பைப் பேணுவோராக ஆக்கியருள்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.