சேதுவழிச் சத்திரங்கள்

தஞ்சையிலிருந்து இராமேசுவரம் செல்லும் யாத்திரைப் பாதையில், மராட்டிய மன்னர்கள் சத்திரங்களை, அதாவது நிலமானிய வருவாயில் கட்டணமின்றி இயங்கிய தங்கும் விடுதிகளை, நிறுவினர். அவற்றுள், இரண்டாம் சரபோஜி தம் அன்புக்குரிய முத்தாம்பாள் என்ற பெண்ணின் பெயரால் ஒரத்தநாட்டில் எழுப்பிய சத்திரம் புகழ்பெற்றது. 1801இல் அவர் ரெசிடென்டுக்கு, அதாவது தஞ்சை அரசவையில் இருந்த ஆங்கிலக் கம்பெனியின் பிரதிநிதிக்கு, எழுதிய கடிதத்தின்படி, இந்தச் சத்திரங்களில் சமைத்த உணவை ஏற்பவருக்குச் சோறும் ஏற்காதவருக்கு அரிசியும் மளிகைப் பொருள்களும் வழங்கப்பட்டன. நள்ளிரவில் மணியடித்து, இன்னும் உண்ணாதவர்களை அழைத்துச் சோறிட்ட பின்னரே அன்றைய அன்னதானம் நிறைவுற்றது. நோயுற்ற பயணிகளுக்கு மருத்துவமும், அங்கே மகப்பேறு கண்ட பெண்களுக்குப் பராமரிப்பும் கிடைத்தன. கட்டுச்சோறு தீர்ந்தாலும் அடுத்த சத்திரம் உண்டு என்ற உறுதியை வழிப்போக்கருக்குத் தந்த இந்த அறத்தின் எஞ்சிய கட்டடங்களைப் பேணிக் காப்பது தமிழகத்தின் கடமையாகும்.