முதல் ரிவால்வர் வாங்கப் போறீங்களா? எடை குறைந்தால் உதை கூடும்!

சினிமாவில் கதாநாயகன் இடுப்பில் இருந்து ரிவால்வரை உருவி, ஒற்றைக் கையில் பட்... பட்... என்று 6 பேரைச் சாய்த்து விடுவார். நிஜத்தில் முதல் தடவையாக ரிவால்வர் பிடிக்கிற ஆள், 7 மீட்டர் தூரத்தில் ஒட்டிய காகிதத்தில் 6 தோட்டாவையும் பதிய வைத்தாலே பெரிய விஷயம்!

லட்ச ரூபாய்க்கு மேல் கொட்டிக் கொடுத்து ரிவால்வர் வாங்கும் பலரும், எது பளபளப்பாக இருக்கு, எது பாக்கெட்டில் அடங்கும் என்றுதான் பார்க்கிறார்கள். நம்ம கைக்கு அது அடங்குமா என்று பார்ப்பது இல்லை. தப்பு அங்கேதான் ஆரம்பிக்கிறது.

முதலில் லைசென்சு

துப்பாக்கி லைசென்சு கேட்பவருக்கு 21 வயது முடிந்திருக்க வேண்டும். மாவட்டத்தில் கலெக்டரிடமும், சென்னையில் போலீஸ் கமிஷனரிடமும் விண்ணப்பிக்க வேண்டும். போலீஸ் விசாரணை, டாக்டர் சான்றிதழ், துப்பாக்கியை பத்திரமாகக் கையாளும் பயிற்சி எடுத்ததற்கான சான்று எல்லாம் கேட்பார்கள். 2019-ம் ஆண்டு சட்டத் திருத்தத்துக்குப் பிறகு லைசென்சு 5 ஆண்டு செல்லும். முன்பு 3 ஆண்டுதான். ஒருவர் 3 துப்பாக்கி வரை வைத்துக் கொள்ளலாம் என்று இருந்ததும் 2 ஆகக் குறைந்து விட்டது.

லைசென்சு கையில் வந்து விட்டதாலேயே இஷ்டத்துக்கு எதையும் வாங்கி விட முடியாது. .38, .455 ரக ரிவால்வரும் 9 எம்.எம். பிஸ்டலும் தடை செய்யப்பட்ட ரகம். சாதாரண ஆளுக்குக் கிடைக்காது. வெளிநாட்டில் இருந்து புதுசாக இறக்குமதி செய்வதும் பொதுமக்களுக்கு நடக்காத காரியம். பழைய வெளிநாட்டு ரிவால்வர் கைமாறி வந்தால் பல லட்சம் விலை சொல்கிறார்கள். அதனால் நம்ம ஊரில் முதல் ரிவால்வர் என்றால் பெரும்பாலும் .32 ரகம்தான்.

துப்பாக்கித் தொழிற்சாலை என்றதும் நம்ம ஆட்களுக்கு திருச்சிதான் ஞாபகம் வரும். 1966-ல் தொடங்கிய திருச்சி தொழிற்சாலை ராணுவத்துக்கான நீளத் துப்பாக்கிகளுக்குப் பேர் போனது. ரிவால்வருக்கு ஊர் என்றால் உத்தரபிரதேசத்தில் உள்ள கான்பூர்.

எடையில்தான் சூட்சுமம்

2014-ல் கான்பூரில் இருந்து 'நிர்பீக்' என்ற ரிவால்வர் வந்தது. டெல்லி மாணவிக்கு 2012-ல் நடந்த கொடுமைக்குப் பிறகு, பெண்கள் கைப்பையில் வைத்துக் கொள்ள வசதியாக தயாரிக்கப்பட்டது. எடை அரை கிலோதான். அப்போது விலை 1 லட்சத்து 22 ஆயிரம் ரூபாயைத் தாண்டியது. 2023-ல் 'பிரபல்' என்ற ரிவால்வர் வந்தது. இது சுமார் 700 கிராம். இரண்டுமே .32 ரகம்தான். 6 தோட்டா போடலாம்.

கடையில் தூக்கிப் பார்த்தால் அரை கிலோ ரிவால்வர் பூ மாதிரி இருக்கும். 'இதையே எடுத்துடலாம்' என்று மனசு சொல்லும். சுட்டுப் பார்த்தால்தான் தெரியும் சேதி! ஒரே தோட்டாவை எடை குறைந்த துப்பாக்கியில் போட்டுச் சுட்டால் உதை அதிகமாக இருக்கும். எடை கூடிய துப்பாக்கி அந்த உதையில் கொஞ்சத்தை தானே வாங்கிக் கொள்ளும். முதல் நாளே மணிக்கட்டில் பலமாக உதை வாங்கிய புது ஆள், அடுத்த முறை விசையை அழுத்தும்போதே கண்ணை மூடுவார், கையைத் தூக்குவார். குண்டு எங்கேயோ போகும். இந்தப் பயம் ஒரு முறை ஒட்டிக் கொண்டால் லேசில் விடாது.

ஆகவே தினமும் இடுப்பில் கட்டிக்கொண்டு அலைய வேண்டியவர் லேசான ரிவால்வரைத் தேடலாம். சுட்டுப் பழகப் போகிறவருக்கு கொஞ்சம் கனமானதுதான் நல்லது.

திறக்கும் விதத்திலும் வித்தியாசம் உண்டு. நிர்பீக்கும் பழைய கான்பூர் ரிவால்வரும் நடுவில் மடங்கித் திறக்கும். முழுசாக மடக்கினால் தோட்டாக்கள் தானே எழும்பி வரும். பிரபல் ரிவால்வரில் சிலிண்டர் மட்டும் பக்கவாட்டில் வெளியே வரும். எதை எடுத்தாலும், உள்ளே தோட்டா இருக்கா இல்லையா என்று கண்ணால் பார்த்து, விரலால் தடவிப் பார்க்கும் பழக்கம் வர வேண்டும்.

விசை எத்தனை கிலோ?

புது ஆட்கள் கேட்க மறக்கும் கேள்வி இது. ரிவால்வரை இரண்டு விதமாகச் சுடலாம். விசையை நேராக இழுத்தால், பின்னால் உள்ள சுத்தியல் தானே எழும்பி அடிக்கும். இதற்கு சுமார் 5 கிலோ வரை இழுவிசை வேண்டும். கட்டை விரலால் சுத்தியலை முன்கூட்டியே பின்னுக்கு இழுத்து வைத்தால், 2 கிலோவுக்கும் குறைவான அழுத்தமே போதும்.

5 கிலோவை ஒற்றை விரலில் இழுக்கும்போது துப்பாக்கி முனை ஆடத்தான் செய்யும். சின்னக் கை உள்ளவர்களுக்கு விரல் விசையை எட்டவே எட்டாது. எனவே கடைக்காரரிடம் சொல்லி, காலி ரிவால்வர் என்று உறுதி செய்துகொண்டு, விரலின் முதல் கணு விசையில் சரியாக உட்காருதா என்று பார்க்க வேண்டும். பிடி வழுக்கினால், சுண்டு விரலுக்கு இடம் இல்லாமல் போனால், அது உங்களுக்கான ரிவால்வர் இல்லை. அண்ணன் வாங்கினார், மச்சான் வாங்கினார் என்று அதையே வாங்கக் கூடாது. செருப்பு வாங்கும்போது அடுத்தவர் காலை அளவு பார்ப்போமா?

பழசு வாங்கலாமா?

விலை குறைவாக வரும் என்று பழைய ரிவால்வர் தேடுபவர்கள் இருக்கிறார்கள். வாங்கலாம். ஆனால் லைசென்சு வைத்திருப்பவர் இன்னொரு லைசென்சுதாரருக்கு விற்பதாக இருந்தால், 45 நாளுக்கு முன்பே கலெக்டருக்கோ போலீஸ் நிலையத்துக்கோ எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். 'நமக்குள்ள என்ன?' என்று கைமாற்றினால் இரண்டு பேருக்கும் சிக்கல்.

வாங்கும்போது சுத்தியலை இழுத்து வைத்து சிலிண்டரை ஆட்டிப் பாருங்கள். லொடலொட என்று ஆடினால் வேண்டாம். குழலுக்குள் வெளிச்சம் காட்டிப் பாருங்கள். நடுவில் வளையம் போல வீங்கி இருந்தால், முன்பு எப்போதோ குண்டு சிக்கி இருந்திருக்கிறது என்று அர்த்தம். அதையும் தொடாதீர்கள்.

அப்பா வைத்திருந்த துப்பாக்கி பீரோவிலேயே கிடக்கிறது, அவர் தவறிப் போய் விட்டார் என்றால் அதை உடனே போலீஸ் நிலையத்திலோ லைசென்சு பெற்ற கடையிலோ ஒப்படைத்து விட்டு, வாரிசு புதுசாக லைசென்சுக்கு விண்ணப்பிக்க வேண்டும். அப்பா ஞாபகமாக வீட்டிலேயே இருக்கட்டும் என்று வைத்துக் கொண்டால், லைசென்சு இல்லாத துப்பாக்கி வைத்திருந்த குற்றம் ஆகி விடும். இதற்கு 2 ஆண்டில் இருந்து 5 ஆண்டு வரை ஜெயில்.

கட்டை விரல் ஜாக்கிரதை!

ரிவால்வருக்கு என்றே ஒரு ஆபத்து உண்டு. சிலிண்டருக்கும் குழலுக்கும் நடுவே முடி அளவு இடைவெளி இருக்கும். சுடும்போது அந்தச் சந்து வழியாக நெருப்புக் காற்று பக்கவாட்டில் பீய்ச்சி அடிக்கும். இரண்டு கையால் பிடிக்கிற ஆள் இடது கட்டை விரலை அதற்கு நேராக நீட்டினால் தோல் கிழிந்து விடும். விரல்கள் எப்போதும் சிலிண்டருக்குப் பின்னால்தான் இருக்க வேண்டும்.

விசையை அழுத்தியும் வெடிக்கவில்லையா? குழலைத் திருப்பி எட்டிப் பார்க்கக் கூடாது. இலக்கை நோக்கியே அரை நிமிடம் வைத்திருந்து, பிறகு திறக்க வேண்டும். தோட்டா தாமதமாக வெடிப்பது உண்டு.

அதைவிட மோசம், 'புஸ்' என்று சத்தம் குறைவாக வருவது. குண்டு வெளியே போகாமல் குழலிலேயே சிக்கி இருக்கலாம். அடுத்த தோட்டாவைச் சுட்டால் குழலே வெடித்து விடும். அங்கேயே நிறுத்தி, இறக்கி விட வேண்டும்.

காதுக்கும் கண்ணுக்கும் கவசம் இல்லாமல் ஒரு தோட்டா கூட சுடக் கூடாது. சுட்டு முடித்ததும் கையை சோப்பு போட்டுக் கழுவாமல் டீ, வடை என்று உட்காரக் கூடாது. கையில் ஈயம் ஒட்டி இருக்கும்.

சுடக் கத்துக்கணும் என்பது மட்டும்தான் ஆசை என்றால் ரிவால்வரே தேவை இல்லை. ரைபிள் கிளப்பில் சேர்ந்து .177 ஏர் பிஸ்டலில் தொடங்கலாம். 20 ஜூலுக்கு மேல் சக்தி இல்லாத .177 ஏர் பிஸ்டலுக்கு லைசென்சு வேண்டாம். உதையும் இல்லை, செலவும் கம்மி. 2024 பாரீஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் 2 வெண்கலம் வாங்கியது இந்த 10 மீட்டர் ஏர் பிஸ்டல் போட்டிகளில்தான். 6 மாதம் அதில் பழகியவர் கையில் .32 ரிவால்வரைக் கொடுத்தால் தடுமாற மாட்டார்.

வீட்டில் எங்கே வைப்பது?

தலையணைக்கு அடியில், பீரோவில் புடவைக்கு நடுவில்... இதெல்லாம் பிள்ளைகளுக்குத் தெரியாத இடமா என்ன? வீட்டில் எதை எங்கே ஒளித்தாலும் முதலில் கண்டுபிடிப்பது அவர்கள்தான். விளையாட்டுத் துப்பாக்கி என்று நினைத்து அழுத்தி விட்டால் போன உயிர் வராது. ரிவால்வர் ஒரு பூட்டில், தோட்டா இன்னொரு பூட்டில். சாவி லைசென்சுதாரரிடம் மட்டும். மனைவியிடம் கூட கொடுத்து வைக்கக் கூடாது. லைசென்சு அவர் பேரில் இல்லையே!

கல்யாணம், காதுகுத்து, கோவில் திருவிழாவில் வானத்தைப் பார்த்துச் சுடும் ஆசையும் வேண்டாம். மற்றவர் உயிருக்கு ஆபத்து வரும்படி கொண்டாட்டத்தில் சுட்டால் 2 ஆண்டு வரை ஜெயில் அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு.

தேர்தல் அறிவித்து விட்டால் துப்பாக்கிகளை ஒப்படைக்கச் சொல்லி கலெக்டர் உத்தரவு வரும். போலீஸ் நிலையத்தில் கொடுத்து விட்டு, ரிவால்வர் எண், தோட்டா எண்ணிக்கை இரண்டும் எழுதிய ரசீதைக் கேட்டு வாங்க வேண்டும். தேர்தல் முடிந்து திருப்பி எடுக்கும்போது அந்த ரசீதைத்தான் கேட்பார்கள்.